பின்பக்கக் கண்ணாடி: கேபினின் இரண்டாவது வாசல்

நெய்வேலியைச் சுற்றியுள்ள தோப்புகளில் ஓடும் சின்ன டிராக்டர்களில், கேபினின் மற்றக் கண்ணாடிகளைவிடப் பின்பக்கக் கண்ணாடிதான் அதிகம் அடி வாங்குகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலமெல்லாம் சரளை கலந்த செம்மண். ரோட்டவேட்டரின் தகட்டு மூடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் கல் கேபின் பக்கமே தெறிக்கும். புல் வெட்டும் ஸ்லாஷர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். கல்லுக்குத் தப்பினால் கிளை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள் இப்போது தாழ்வாகக் கிளை பரப்பி நிற்கின்றன. அந்த வரிசைகளுக்குள் திரும்பி வளைந்து போகத்தான் 20, 25 குதிரைத்திறன் வண்டிகளை வாங்குகிறோம்; பின்னால் வரும்போது கிளை குத்துவதும் அங்கேதான்.

கம்பெனியே கேபின் போட்டுக் கொடுத்த வண்டி என்றால் அந்தக் கம்பெனிக் கண்ணாடியையே வாங்கி மாட்டுங்கள். வேறு யோசனை வேண்டாம். ஆனால் நம் பக்கத்தில் சின்ன டிராக்டர் பெரும்பாலும் கேபின் இல்லாமல்தான் வருகிறது. வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப் அடித்து, தகடு போட்டு, அளவுக்குக் கண்ணாடி வைத்துக் கட்டிய கேபினுக்கு எந்த டீலரிடமும் உதிரி கிடைக்காது. இந்த அத்தியாயம் அந்த வண்டிக்காரர்களுக்கு.

வேலையைத் தொடங்கும் முன் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. பின்பக்கக் கண்ணாடியின் வேலை வெளிச்சம் தருவதோடு முடிவதில்லை. வண்டி வாய்க்காலிலோ வரப்போரத்திலோ பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு கதவு மண்ணுக்கு அடியில் போய்விடும். மேலே இருக்கும் மறு கதவைத் தூக்கித் திறப்பது லேசான காரியமல்ல. அப்போது ஓட்டுநர் வெளியே வருவது பின்பக்கமாகத்தான். ஆகவே எந்தப் பொருளில் செய்தாலும், எவ்வளவு அவசரமாகச் செய்தாலும், அதைத் திறக்கக்கூடியதாகவே செய்யுங்கள். நாலு பக்கமும் சிலிகான் போட்டு ஒட்டி மூடிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது ஆபத்தானது.

உடைந்ததை எடுப்பது

டஃபண்ட் கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஃபிரேமில் ஒட்டி நிற்கும் துண்டுகளின்மேல் அகலமான டேப்பை ஒட்டி, டேப்போடு சேர்த்து உருவி எடுங்கள். சீட்டின் மடிப்பு, மிதி பலகையின் அடி, ஏ.சி. இருந்தால் அதன் காற்றுத் துவாரம் ஆகிய மூன்றிலும் வேக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். கீல், கைப்பிடி, ரப்பர் பீடிங் எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

எந்தப் பொருள்?

கடைக்குப் போனால் நாலு பொருளைக் காட்டுவார்கள். சாதாரணக் கண்ணாடியை எடுத்தவுடன் ஒதுக்கிவிடுங்கள். அது கத்தி போலப் பிளந்து விழும்; ஓட்டுநரின் பிடரிக்குப் பின்னால் அதற்கு இடமில்லை.

டஃபண்ட் என்பது கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. அந்த வேலை முடிந்த பிறகு அதை அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. ஆகவே துளை, மூலை வளைவு எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, சென்னை போன்ற ஊரில் உள்ள டஃபனிங் யூனிட்டில் செய்து வாங்க வேண்டும். நாலைந்து நாள் காத்திருக்க முடியும், வண்டி அதிகம் கல் நிலத்தில் ஓடாது, கேபினில் ஏ.சி. இருக்கிறது என்றால் இதுதான் நல்லது. எளிதில் கீறல் விழாது; பல வருடம் தெளிவாக இருக்கும்.

லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் உதிராது. உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே இரண்டு பக்கமும் கீறி, ஒடித்து, நடுப் படலத்தை பிளேடால் அறுத்துத் தருவார்கள். 3+3 கண்ணாடி சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ எடை. துளை போட்டு போல்ட்டில் தொங்கவிட இது ஏற்றதல்ல. சுற்றிலும் ஃபிரேம் வேண்டும். விளிம்பில் தண்ணீர் நின்றால் படலம் வெளுத்துப் பிரியத் தொடங்கும். முன்பக்கத்துக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. பின்பக்கத்துக்கு இரண்டாம் பட்சம்தான்.

நான்காவது, பாலிகார்பனேட் ஷீட். லெக்சான் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். தோப்பிலும் கல் காட்டிலும் ஓடும் வண்டிக்கு என் தேர்வு இதுதான். கல் பட்டால் தழும்பு விழும், உடையாது. சதுர மீட்டருக்கு 5 மி.மீ. கண்ணாடி 12.5 கிலோ, அதே கனத்துப் பாலிகார்பனேட் 6 கிலோ. பட்டறையில் இருக்கும் ஜிக்சாவும் டிரில்லும் போதும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். ஆக்ரிலிக் ஷீட்டும் பார்க்க இதே மாதிரிதான், விலை குறைவு, ஆனால் கல் பட்டால் விரிசல் விட்டுக் கூரான துண்டாகப் பெயரும். கடையில் கழிவுத் துண்டு ஒன்று வாங்கி இடுக்கியில் வைத்து மடக்குங்கள். படாரென ஒடிந்தால் ஆக்ரிலிக். ஒடியாமல் மடங்கினால் பாலிகார்பனேட். கூரைக்குப் போடும், நடுவில் உள்ளீடற்ற பட்டை ஷீட்டும் பாலிகார்பனேட்தான். அதன் வழியே கலப்பையின் கொக்கி தெரியாது, வேண்டாம். கெட்டி ஷீட், நிறமில்லாதது, 5 அல்லது 6 மி.மீ., யு.வி. பூச்சு உள்ளது என்று சொல்லிக் கேளுங்கள். பூச்சு இல்லாத ஷீட் நம் வெயிலில் மஞ்சளடித்துப் போகும். பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது எந்தப் பக்கம் என்று மேல் படலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். கீறல் தாங்கும் கடினப் பூச்சு போட்டதும் உண்டு. கூடுதல் பணம் கொடுக்க முடிந்தால் இங்கே கொடுங்கள்.

கறுப்பு, புகை நிறம் கேட்காதீர்கள். கார்களின் பின் கண்ணாடி வழியே குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் வர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி. பி.டி.ஓ. சுழலும்போது அருகே குழந்தை நிற்கிறதா என்று சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய நமக்கு அந்த அளவும் குறைவு என்றே சொல்வேன்.

அட்டையில் அளவு

பழைய கண்ணாடியை வைத்து அளவெடுக்காதீர்கள். ஃபிரேமை வைத்து எடுங்கள். வரப்பு ஏறி இறங்கிய கேபின் நேராக இருக்காது. மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் டேப்பால் பாருங்கள். ஒரு நூலுக்கு (சுமார் 3 மி.மீ.) மேல் வித்தியாசம் வந்தால் ஃபிரேம் கோணியிருக்கிறது. பிறகு இரண்டு எதிர் மூலைகளுக்குக் குறுக்காக நூல் கட்டுங்கள், மற்ற இரண்டுக்கும் அப்படியே கட்டுங்கள். நூலிரண்டும் நடுவில் தொட்டுக்கொண்டு போனால் ஃபிரேம் சமதளம். இடைவெளி தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. முறுக்கிய ஃபிரேமில் டஃபண்ட் கண்ணாடியை மாட்டினால் அது ஒரு வெயில் நாளில் நின்ற இடத்திலேயே வெடிக்கலாம். முதலில் ஃபிரேமை வெல்டரிடம் காட்டிச் சரி செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பதற்காகக் கம்பெனி வைத்த பாதுகாப்புக் கம்பம் இருந்தால் அதில் வெல்டு வைக்கவோ துளை போடவோ கூடாது. ஒரு துளை அதன் பலத்தையே கெடுக்கலாம். பட்டறையில் அடித்த கேபின் அந்தக் கம்பத்துக்கு மாற்றும் ஆகாது.

ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டியைப் பிரித்து ஃபிரேமின்மேல் வெளியிலிருந்து வைத்து, உள்ளிருந்து பேனாவால் ஓரம் வரையுங்கள். அறுத்து வைத்துப் பார்த்து, குறைத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். சரியானதும் அதை ஹார்டுபோர்டில் மாற்றி வெட்டுங்கள். அட்டை ஈரத்தில் வளையும், ஹார்டுபோர்டு அப்படியே நிற்கும். கீல் வரும் இடம், பிடி வரும் இடம், எந்தப் பக்கம் வெளி என்பது எல்லாவற்றையும் அதன்மேலேயே எழுதுங்கள். டஃபனிங்குக்கு அனுப்புவது இந்த ஹார்டுபோர்டைத்தான்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு வேலை. 44 செ.மீ. அகலம், 64 செ.மீ. நீளம் உள்ள நீள்வட்டம் ஒன்றை அட்டையில் வெட்டுங்கள். ஐரோப்பிய டிராக்டர் விதிகளில் அவசர வழிக்கு வைத்த குறைந்தபட்ச அளவு அது. உங்கள் பின்பக்கத் திறப்புக்குள் அந்த அட்டை தட்டாமல் போய்வர வேண்டும். போகவில்லை என்றால் கண்ணாடி செய்யும் முன்பு திறப்பைப் பெரிதாக்குங்கள்.

இப்போது சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். இழுவைக் கொக்கியும் கீழ் லிங்க் இரண்டும் தெரிய வேண்டும். உள்ளூர்க் கேபின்கள் பலவற்றில் கீழ்த் தகடு உயரமாக இருப்பதால் டிப்பர் மாட்ட ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இறங்குகிறார், அல்லது இன்னொருவரை டயருக்கும் டிப்பருக்கும் நடுவே நிற்கவைத்துக் கை காட்டச் சொல்கிறார். அந்த இடத்தில் ஆளை நிற்க வைப்பது மிகக் கொடிய பழக்கம். முடிந்தால் தகட்டைக் கீழே இறக்கி வெட்டி, கண்ணாடியை அந்த அளவுக்கு நீட்டுங்கள்.

வெயிலுக்கு இடம் விடுவது

பாலிகார்பனேட் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் ஷீட், கத்திரி வெயிலில் பூட்டிக் கிடக்கும் கேபினில் 60-ஐத் தொடும். ஒரு மீட்டர் பாலிகார்பனேட் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.065 மி.மீ. நீளும், இரும்பு 0.012 மி.மீ. மட்டும். 90 செ.மீ. அகல ஷீட்டுக்குக் கணக்குப் போட்டால் ஷீட் 2.3 மி.மீ. நீளும்போது இரும்பு ஃபிரேம் அரை மி.மீ. கூட நீளாது. அந்த இரண்டு மி.மீ.க்கு இடம் விடாவிட்டால் ஷீட் நடுவில் புடைக்கும், அல்லது போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

ஷீட் ஃபிரேமுக்குள் உட்காருவதாக இருந்தால் நாலு பக்கமும் ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஃபிரேமின்மேல் படிவதாக இருந்தால் வெளி அளவு பற்றிக் கவலையில்லை, துளைதான் முக்கியம். 6 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை. துளையின் மையம் ஓரத்திலிருந்து குறைந்தது 18 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

அறுக்கும்போது மேல் படலத்தை உரிக்காதீர்கள். ஷீட்டைப் பலகையோடு சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கி, நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் நிதானமாக அறுங்கள். கட்டிங் வீல் மாட்டிய கிரைண்டர் வேண்டாம். அது ஷீட்டை அறுப்பதைவிட உருக்குவதுதான் அதிகம். மூலைகளை வளைவாக எடுங்கள். பிறகு ஓரம் முழுக்க 120, 220, 400 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, விரலை ஓட்டினால் எங்கும் தட்டாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். விரிசல் எப்போதும் ஓரத்தில் விட்ட சின்னப் பிசிறிலிருந்துதான் தொடங்கும். இந்தத் தேய்ப்புக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். துளையைச் சின்ன பிட்டில் தொடங்கி, அடியில் மரக்கட்டை வைத்து, அழுத்தாமல் போட்டு, அதன் ஓரத்தையும் தேய்த்துவிடுங்கள்.

ஃபிரேம் வளைவாக இருந்தாலும் பாலிகார்பனேட்டைச் சூடாக்காமலே வளைத்து மாட்டலாம். வளைவின் ஆரம் ஷீட் கனத்தைப்போல் 150 மடங்குக்குக் குறையக் கூடாது. 5 மி.மீ. ஷீட்டுக்கு 75 செ.மீ. ஆரம். அதற்கு மேல் நெருக்கி வளைத்தால் உள்ளே இழுவிசை நின்று நாளாவட்டத்தில் மயிரிழை விரிசலாக வெளிப்படும்.

தொங்கவிடுவது

பாலிகார்பனேட் உடையாதே தவிர விறைப்பில்லாதது. அதே கனக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் 30-இல் ஒரு பங்கு விறைப்புதான். ஃபிரேமில்லாமல் தொங்கவிட்டால் சாலையில் போகும்போது படபடவென்று அடிக்கும். ஆகவே உள்பக்கம் சுற்றிலும் 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள் வைத்து, அதன்மேல் ஷீட்டைப் பிடியுங்கள். கீல் ஷீட்டில் வராமல் ஆங்கிளில் வரட்டும். ஒவ்வொரு போல்ட்டிலும் தலைக்கு அடியில் அகல வாஷர், அதற்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர், மறுபுறம் நைலாக் நட். ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். “அண்ணே, ஆடுது, இன்னொரு சுத்து முறுக்கிடட்டுமா?” என்று பட்டறைப் பையன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஆட்டம்தான் ஷீட்டைக் காப்பாற்றுகிறது. நட் கழலாமலிருக்கத் தடவும் லாக்கிங் பசையும் கூடாது. அது பட்ட இடத்தில் பாலிகார்பனேட் வெடிப்பு விடும். நைலாக் நட் போடச் சொல்வது அதனால்தான்.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் பிடித்த கேஸ் ஷாக் இருந்தால் கவனம் தேவை. 90-க்கு 60 செ.மீ. அளவில் 5 மி.மீ. கண்ணாடி 6.75 கிலோ, பாலிகார்பனேட் 3.25 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பழைய ஷாக்கின் விசை அப்படியே இருப்பதால் ஷீட்டை வில்லாக வளைக்கும், தாழ்ப்பாளைத் திறந்த உடனே முகத்தில் அடிக்கிற வேகத்தில் எகிறும். ஆங்கிளின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு விசை குறைந்த ஷாக் வாங்குங்கள். இல்லையென்றால் ஷாக்கை விட்டுவிட்டு மடக்குக் கம்பி ஒன்று வையுங்கள்.

தாழ்ப்பாள்தான் இந்த வேலையின் உயிர். டஃபண்ட் கண்ணாடியை அவசரத்துக்குச் சுத்தியலால் உடைத்து வெளியே வரலாம். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் திரும்பும். லேமினேட்டட்டும் விரிசல் விடுமே தவிர வழி விடாது. எனவே தாழ்ப்பாள் உள்ளிருந்து, ஒரே கையால், எந்தக் கருவியும் சாவியும் இல்லாமல் திறக்க வேண்டும். வெளிப்பக்கமும் ஒரு பிடி இருந்தால் உதவிக்கு வருபவர் திறக்கலாம். திருட்டுப் பயத்தில் வெளியே பூட்டு மாட்டுபவர்கள், வண்டி கிளம்பும் முன் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதை விதியாக்க வேண்டும்.

திறந்த கண்ணாடி எவ்வளவு தூரம் பின்னால் நீள்கிறது என்பதையும் பாருங்கள். ரோட்டவேட்டரையோ கல்டிவேட்டரையோ முழு உயரத்துக்குத் தூக்கும்போது அதன் மேல் கம்பம் திறந்த கண்ணாடியில் வந்து இடிக்கும். புதிதாக மாட்டிய அன்றே, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹைட்ராலிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒருவர் பக்கத்தில் எட்ட நின்று பார்த்து அந்த இடைவெளியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரப்பர், மழை, தூசி

ஃபிரேமைச் சுற்றி ஓட்டும் பீடிங் இ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும். வளைகிற மலிவு பி.வி.சி. பீடிங்கிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை பாலிகார்பனேட்டைத் தின்னும். எங்காவது சிலிகான் வைக்க வேண்டியிருந்தால் நியூட்ரல் வகை கேளுங்கள். புளித்த வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம். பீடிங்கின் இணைப்பு கீழ்ப்பக்கம் வரட்டும். ஐப்பசி மழையில் மேலிருந்து வழியும் தண்ணீர் இணைப்பு வழியாக உள்ளே வராது.

வேலை முடிந்த அன்றே இரண்டு பக்கப் படலத்தையும் உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் படலம் ஷீட்டோடு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர்த் தூசி வேறு வகை. செம்மண்ணோடு பழுப்பு நிலக்கரித் தூளும், அனல் மின் நிலையச் சாம்பலும் கலந்தது. சாம்பலில் இருக்கும் சிலிக்கா துகள்கள் பாலிகார்பனேட்டைவிடக் கடினமானவை. காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், ஷீட் முழுக்கக் கோடு விழும். சாயங்காலச் சூரியன் எதிரே வந்தால் அந்தக் கோடெல்லாம் பளபளத்துப் பின்னால் ஒன்றும் தெரியாது. முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கழுவி இறக்குங்கள். பிறகு சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும். பெட்ரோல், தின்னர், கடையில் விற்கும் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் கிட்டே வரக் கூடாது. கடினப் பூச்சு இல்லாத ஷீட்டில் வைப்பர் மாட்டவும் கூடாது.

மாதம் ஒருமுறை துளைகளைச் சுற்றிப் பாருங்கள். நட்சத்திரம் போல மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அந்த போல்ட் இறுக்கமாக இருக்கிறது, தளர்த்துங்கள். கோடு வளர்ந்து ஓரத்தைத் தொட்டுவிட்டால் ஷீட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஹார்டுபோர்டு அளவைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

வண்டியைத் தோப்புக்கு அனுப்பும் முன் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். என்ஜினை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கிவிட்டு, அந்த வண்டியை ஓட்டப்போகிறவரையே உள்ளே உட்காரச் சொல்லுங்கள். இரண்டு கதவையும் சாத்திவிட்டு, பின்பக்கத்தைத் தானே திறந்து வெளியே வரச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் தாழ்ப்பாளையோ திறப்பையோ மாற்றிவிட்டுப் பிறகு சாவியைக் கொடுங்கள்.